உச்சியிலிருந்து இறங்கிய சீப்பு

மரகதத்தின் அடர்ந்த சுருட்டை முடியைச் சீவ ஒரு புதுச் சீப்பு வந்து சேர்ந்தது. "நுனியிலிருந்து ஆரம்பி" என்றது எண்ணெய்க் கிண்ணம்.

"கீழேயிருந்து ஏற நானென்ன பல்லியா?" என்று சொல்லிவிட்டு, சீப்பு உச்சந்தலையிலிருந்தே இறங்கியது.

காதோரம் ஒரு குட்டிச் சிக்கு மறித்தது. "வாங்க மாமா! கீழே என் தம்பி இருக்கான், அவன்கிட்ட என்னைக் கொண்டுபோய் விடுங்க."

சீப்பு அதைத் தள்ளிக்கொண்டே போனது. தம்பி வந்தான், சித்தப்பா வந்தார், தோளுக்கு வருவதற்குள் குடும்பமே ஒரே உருண்டையாகத் திரண்டுவிட்டது.

"பிரிஞ்சு கிடந்தவங்களை ஒண்ணு சேர்த்துட்டீங்க மாமா, நல்லா இருங்க!"

உருண்டைக்குள் மாட்டிக்கொண்ட சீப்புக்கு முன்பல் இரண்டு போயிற்று. மரகதம் வலி தாங்காமல் கத்தரிக்கோலைத் தேடினாள். முடியே போய்விட்டால் சீப்புக்கு இந்த வீட்டில் என்ன வேலை?

"அக்கா, காப்பாத்துங்க!" என்று கிண்ணத்தைப் பார்த்து அலறியது சீப்பு.

கிண்ணம் சாய்ந்து எண்ணெயை ஊற்றியது. சீப்பு வழுக்கி வெளியே வந்தது. நேரே நுனிக்குப் போய், "முதல்ல நீங்க கிளம்புங்க சித்தப்பா" என்று ஒவ்வொருவராக அனுப்பிவைத்தபடி மேலே ஏறியது. கத்தரிக்கோல் கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது.

கடைசியில் வகிட்டை எட்டியதும், சீப்பு பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது.

"பார்த்தீங்களா அக்கா? நான்தான் அப்பவே சொன்னேனே, நமக்கு உச்சிதான் சரிப்படும்னு!"