ஐம்பத்தோராவது ஆள்

“ஒருத்தரைக் குறைச்சே ஆகணும்,” என்றார் முதலாளி.

அந்தத் தலையணைப் பட்டறையில் பஞ்சுத் துகள் எப்போதும் வெயிலில் மிதந்துகொண்டே இருக்கும். யார் என்ன பேசினாலும் பாதித் தூக்கத்தில் கேட்பது போலத்தான் கேட்கும். இது மட்டும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

ஐம்பது பேர் வரை இருந்தால் சிறு நிறுவனம். ஒரு தலை கூடினால் நடுத்தர நிறுவனம். ஆஸ்பத்திரித் தலையணை ஆர்டர் சிறு நிறுவனத்துக்கு மட்டும்தான். இங்கே இருப்பது ஐம்பத்தொரு பேர். நாளைக்கு அதிகாரி வந்து தலை எண்ணப் போகிறார்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? கடைசியா வந்தவ போகட்டும்,” என்றார் பெரியவர். தலையணையின் வாயைத் தைத்து மூடுவதில் முப்பது வருஷம் ஓட்டியவர்.

கடைசியாக வந்தவள் ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வந்து மூன்று மாசம்தான். முதல் நாளே அவளுக்கு ஜன்னலோர மேசை. முப்பது வருஷமாகக் கேட்டும் இவருக்குக் கிடைக்காத இடம். அன்றிலிருந்து அவளோடு இவர் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

“அவ வேலை உங்களுக்குத் தெரியாதுண்ணே,” என்றார் முதலாளி.

“தெரியாம என்ன? நான் தைச்சதை வாங்கி அடுக்கறதுக்கு ஒரு ஆளா? அவளுக்குன்னு ஒரு நூலாவது உண்டா?”

யார் தைத்தது என்று தெரிய அங்கே ஆளுக்கு ஒரு நிற நூல். பெரியவருக்கு நீலம். அவளுக்கு எந்த நிறமும் கிடையாது.

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

“வேணாம் சார். நானே போயிடறேன்.”

“நல்ல புத்தி,” என்றார் பெரியவர்.

பையை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “என் இடத்துக்கு வந்துடுங்க பெரியப்பா. அங்க வெளிச்சம் நல்லா இருக்கும். கண்ணாடியை மட்டும் மாத்திடுங்க.”

“என் கண்ணுக்கு என்ன வந்துச்சு?”

சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானமே இடம் மாறினார். வெயில் மடியில் வந்து படுத்துக்கொண்டது. மேகத்தின் மேல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கத்தரிக்கோலை வைக்க டிராயரை இழுத்தார். வரவில்லை. பலம் கொடுத்து இழுத்தார்.

உள்ளே, தையலிலிருந்து பிரித்தெடுத்த நூல்துண்டுகள் அடைத்துக் கிடந்தன.

அத்தனையும் நீலம்.