கண்ணாடியில் ஒரு மூக்குத் தடம்

ஒரு விடுகதை. தாழ்ப்பாள் போடாத வரை உள்ளே இருப்பதெல்லாம் ஊருக்கே தெரியும். போட்டுவிட்டால் துளிகூடத் தெரியாது. அது என்ன?

மனசு என்று சொல்லிவிடாதீர்கள். மனசுக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது.

பூங்கா வாசலில் புதிதாகக் கட்டியிருக்கும் கழிப்பறைதான் அது. நான்கு சுவரும் கண்ணாடி. பீங்கான், குழாய், காகிதச் சுருள், சோப்பு எல்லாம் நகைக் கடையில் அடுக்கி வைத்த மாதிரி வெளியிலிருந்தே தெரியும்.

அதன் எதிரே அத்தையும், எட்டு வயது அண்ணன் மகளும் நின்றார்கள்.

டாக்டரிடம் போய்விட்டுத் திரும்புகிறார்கள். சிறுமிக்கு இது மூன்றாவது காய்ச்சல். "அடக்கி அடக்கி வைக்கிறதால வர்றது. அதை நிறுத்தாம நான் மருந்து கொடுத்து என்ன பிரயோஜனம்?" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் கழிப்பறைக் கதவு பாதியில் திறந்துகொண்டது. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வீட்டைத் தவிர வேறெங்கும் அவள் போவதில்லை. வீடோ ஒரு மணி நேரப் பஸ் தூரம். பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

சிறுமி கால்களைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வந்துடு, குட்டி."

"எல்லாம் தெரியுது, அத்தை."

"தாழ்ப்பாள் போட்டா தெரியாதாம். எழுதிப் போட்டிருக்காங்க பாரு."

"எங்க ஸ்கூல்லயும்தான் 'கதவைத் தாழிடவும்'னு எழுதிப் போட்டிருந்தாங்க."

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த நீலக்கோட்டு அக்காவிடம் திரும்பினாள். கழிப்பறையைக் கழுவித் துடைப்பது அவள்தான்.

"ஏம்மா, இப்படிக் கட்டச் சொன்ன புண்ணியவான் யாரு? கரண்டு போச்சுன்னா மானம் போயிடுமே!"

"கரண்டு போனா வெள்ளையா நின்னுடும் மேடம். கரண்டு இருந்தாத்தான் கண்ணாடி."

சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். நீலக்கோட்டு அக்கா அவள் பக்கம் குனிந்தாள்.

"பாப்பா, நான் ஏர்போர்ட்ல பன்னிரண்டு வருஷம் கழுவியிருக்கேன். தண்ணி இல்லன்னா தவிச்சுப் போறவங்க உண்டு. காகிதம் இல்லன்னா தவிச்சுப் போறவங்களும் உண்டு. பீங்கான் மேல ஏறிக் குந்துறவங்களைப் பார்த்திருக்கேன். ஒரு நாட்டுல, சத்தம் வெளிய கேட்கக் கூடாதுன்னு ஒரு பட்டன் வெச்சிருக்காங்களாம். அமுக்கினா அருவி கொட்டுற சத்தம் வருமாம்!"

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா எந்த நாட்டுக்காரங்களா இருந்தாலும் தாழ்ப்பாளைப் போட்டுட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாங்க. கோட்டும் சூட்டுமா வர்ற பெரிய மனுஷங்க கூட!"

சொல்லிவிட்டு, மாப்பைச் சாய்த்து வைத்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

கண் இமைப்பதற்குள் நான்கு சுவரும் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிட்டன. சிறுமி திறந்த வாயை மூடவில்லை.

"நல்லா இருக்கே நியாயம்! குழந்தை தவிச்சுக்கிட்டு நிக்குது, இவ போய் உட்கார்ந்துட்டா" என்றாள் அத்தை.

தாழ்ப்பாள் திறந்தது. கண்ணாடி தெளிந்தது. வெளியே வந்தவள் சிறுமியை ஒரு பார்வை பார்த்தாள். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

"என்னது, மறுபடியுமா?"

மறுபடி வந்தாள். "இன்னும் ஒரே ஒரு தடவை மேடம்!"

"வயிறு சரியில்லன்னா லீவு போடணும்மா!" என்று அத்தை கத்துவதற்குள் சுவர்கள் வெளுத்துவிட்டன.

'ஊழியர்கள் பயன்படுத்தக் கூடாது' என்று ஓரத்தில் ஒரு பலகை. கீழே புகார் சொல்ல ஒரு எண். அத்தை போனை எடுத்து அழைத்தாள்.

மூன்றாவது தடவை வெளியே வந்த நீலக்கோட்டு அக்கா, சிறுமியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மூணு தடவை உள்ள போனேன்ல? என்ன பண்ணேன், சொல்லு பார்ப்போம்."

சிறுமி நெளிந்தாள். "அது வந்து... ஒண்ணுக்கு..."

"அதான் இல்ல! முதல் தடவை டான்ஸ் ஆடினேன். ரெண்டாவது தடவை உங்க அத்தை மாதிரி இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னேன். மூணாவது தடவை உன் முகத்துக்கு நேரா கண்ணாடியில மூக்கை அழுத்தி, நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினேன். பார்த்தியா?"

சிறுமி கண்ணாடியின் அருகே போனாள். உள்பக்கம் அவள் முகத்துக்கு நேரே ஒரு மூக்குத் தடம் இருந்தது. ஆவி படர்ந்து, அப்போதுதான் மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

"நான் இங்கேயேதான் பார்த்துக்கிட்டு நின்னேன்..." அவள் குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணுமே தெரியலையே!"

உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. ஒரு தடவை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. கண்ணாடி வெளுத்தது.

அத்தையின் காதில் போன் பேசியது. "சொல்லுங்க மேடம். எங்க ஆளு யாராவது உள்ள போனாங்களா? அப்படின்னா சொல்லுங்க, இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்திடறோம்."

அத்தை அந்த வெள்ளைச் சுவரையே பார்த்தாள்.

"அதெல்லாம் இல்லீங்க. சோப்பு தீர்ந்துபோச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"இப்பத்தானே புதுசு வெச்சேன்" என்று முணுமுணுத்தாள் நீலக்கோட்டு அக்கா.

கண்ணாடி தெளிந்தது. சிறுமி ஈரக் கையை உதறிக்கொண்டே ஓடி வந்தாள்.

"அத்தை, நான் உள்ள என்ன பண்ணேன், சொல்லு!"

அத்தை சிரித்துவிட்டாள். மருந்துப் பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "சரி சரி, பஸ் வர்ற நேரமாச்சு, வா."

"நீ போகலையா? டாக்டர்கிட்ட இருக்கும்போதே போகணும் போகணும்னு சொன்னியே."

"எனக்கென்ன, நான் பெரியவ. வீட்டுல போய்ப் பார்த்துக்கறேன்." கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

பஸ் வளைவில் திரும்பியது.

சிறுமி அத்தையின் கால்களைப் பார்த்தாள். அவை பின்னிக்கொண்டிருந்தன.

"இங்கேயே பார்த்துக்கிட்டு நில்லு அத்தை" என்று மருந்துப் பையை அத்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் மறுபடி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.