ஏழாவது துண்டுக்குப் பச்சை

ஏழாவது துண்டின் மேல் அல்போன்சா வைத்திருந்த சிவப்பை மகேஷ் தன் கையாலேயே அழித்தான்.

திரையில் பிரான்ஸ். ஒரு மலை, மலையை ஒட்டி ஓர் ஆறு, இரண்டுக்கும் நடுவே சரளைக் கல் பாதை. சன்னலுக்கு வெளியே தி. நகர். உஸ்மான் சாலையில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

வேலை இதுதான். அங்கே சைக்கிள் சுற்றுலா நடத்தும் ஒரு கம்பெனிக்காக, பாதைகளைப் புகைப்படங்களில் துண்டு துண்டாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். வண்டி வராத பாதை என்றால் பச்சை. வரும் என்றால் சிவப்பு. பச்சையை நம்பித்தான் மனிதர்கள் ஆற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டே மிதிப்பார்கள்.

இந்தப் பாதையில் அடுத்த மாதம் மிதிக்கப்போவது பன்னிரண்டு பேர். மூத்தவருக்கு அறுபத்தெட்டு வயது.

அல்போன்சா அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் ஏழாவது துண்டு அவளுக்கு மனப்பாடம். பாதை எங்கே குறுகும், எந்த வளைவில் எதிரே வருவது தெரியாது, அந்த வளைவுக்கு எத்தனை அடி கீழே ஆறு ஓடுகிறது, எல்லாம்.

வளைவுக்கு மேலே மலையில் ஒரு வெள்ளைத் தழும்பு. கல் குவாரி. பாதையோரப் புதர்களின் இலைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளைத் தூசி. அடிக்கடி மழை பெய்கிற ஊரில் இலை மேல் தூசி நிற்கிறதென்றால், அதை ஏதோ ஒன்று தினமும் கிளப்பிவிடுகிறது. அதனால்தான் சிவப்பு வைத்திருந்தாள்.

"இன்னாம்மா பிசிக்ஸு," என்றான் மகேஷ். டீம் லீடரான நாளிலிருந்து அவள் கல்லூரியில் வாங்கிய பட்டத்தைத்தான் அவளுக்குப் பெயராக வைத்திருந்தான். "நாப்பத்தோரு போட்டோ கீது. லாரி கூட வேணாம், ஒரே ஒரு ஸ்கூட்டி காட்டு. நானே செவப்பு அடிச்சுத் தரேன்."

அடுத்த இருக்கை டில்லிபாபு நாற்காலியோடு சுழன்று திரும்பினான். "சாந்தோம்லேர்ந்து பஸ்ல வர்றப்பவே பிரான்ஸ் லாரிய மோப்பம் புட்ச்சிட்டாங்க ஜி."

அறையே சிரித்தது.

"சார், அந்தத் தூசி..." என்று ஆரம்பித்தாள். குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. எப்போதும் அப்படித்தான்.

"அது மூடிப்போன குவாரிம்மா. கம்முனு இரு."

நாற்பத்தொரு படங்களிலும் வண்டி இல்லை என்பது உண்மைதான். யாரோ ஒரு சைக்கிள்காரர், ஒரே நாளில் பாதை முழுக்க ஏறி இறங்கி எடுத்து இணையத்தில் போட்ட படங்கள். எதிலும் தேதி இல்லை.

போன மாதம் இன்னொரு பாதையில் மரப்பாலம் உடைந்து கிடந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். மகேஷ் அதைத் தன் பெயரில் அனுப்பினான். பாராட்டு வந்த அன்று எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தான். அவள் முறை வந்தபோது, வாயைத் திறந்து பேசக் கற்றுக்கொள்ளச் சொன்னான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

அந்த மைசூர்பாகை அவள் தின்னவும் இல்லை, எறியவும் இல்லை. இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது. கல்லாகிவிட்டது.

மகேஷ் ஏழாவது துண்டுக்குப் பச்சை வைத்தான். யார் நிறம் வைக்கிறார்களோ அவர்கள் பெயர் தானாகவே பக்கத்தில் ஏறிக்கொள்ளும். அவன் பெயர் ஏறியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

அவள் கவனித்தாள்.

மணி ஐந்து ஐம்பத்தைந்து. ஆறு மணிக்கு, நிறம் வைத்த ஷீட் பிரான்ஸ் கம்பெனிக்குப் போக வேண்டும். போய்விட்டால் அங்கே யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அப்படியே அச்சடித்துப் பன்னிரண்டு பேர் கையிலும் கொடுத்துவிடுவார்கள்.

மவுஸின் மேல் விரலை வைத்த மகேஷ், என்ன தோன்றியதோ, அவள் பக்கம் திரும்பினான். முகத்தில் கிண்டல் இல்லை.

"வேற எதுனா இருந்தா இப்பவே சொல்லிடு, அல்போன்சா."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

இந்தத் தடவை குரல் தொண்டையில் நிற்கவில்லை.

"ஒண்ணும் இல்ல, சார்."

அவ்வளவு தெளிவாக வந்ததில் டில்லிபாபுகூட நிமிர்ந்து பார்த்தான்.

ஷீட் போயிற்று. மகேஷ் கைகளைத் தலைக்கு மேல் நீட்டிச் சோம்பல் முறித்தான். டில்லிபாபு டீ சொல்லப் போனான். அல்போன்சா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணினியை அணைக்கக் குனிந்தாள்.

அவள் திரையில் பத்தொன்பதாவது படம் நின்றிருந்தது.

ஏழாவது துண்டு முடிகிற இடம். கல்லில் கட்டிய சின்னக் கோயில், கூரை மேல் சிலுவை. வாசலில் முப்பது பேர், நல்ல உடுப்பில். குழந்தைகள், கிழவர்கள், எல்லார் கையிலும் ஒரு சிறு பச்சைக் கொத்து. மகேஷும் இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தான், வண்டி தேடி.

சாந்தோமில் அது தென்னங்குருத்து. நடக்கத் தெரிந்த வயதிலிருந்து ஆண்டுதோறும் அதைப் பிடித்துக்கொண்டு அவளும் பவனி போயிருக்கிறாள். அந்த மலையில் தென்னைக்கு எங்கே போவார்கள். கிடைத்த இலையை ஒடித்திருக்கிறார்கள்.

குருத்தோலை ஞாயிறு. அன்று குவாரி லாரிகளுக்கும் விடுமுறை.

காலையிலேயே பார்த்துவிட்டாள். தூசியைச் சொன்ன பிறகு அதைத்தான் சொல்வதாக இருந்தாள்.

பன்னிரண்டு பேரும் அந்த வளைவில் ஏறப்போவது ஒரு புதன்கிழமை.