ஓட்டு ரவுண்ட்ஸ்

“மூணாவது மாடி, சார். நாலு ஓட்டு. போன தேர்தல்ல வேற பக்கம். இப்போ ரெண்டு வாரமா ஊசலாட்டம்.”

“காரணம்?” என்றார் டாக்டர் திருவேங்கடம், படியேறிக்கொண்டே.

“குழாய்ல தண்ணி ஏறலை, சார்” என்றாள் மாதவி.

“இதுக்கு முன்னாடி என்ன சிகிச்சை நடந்திருக்கு?”

“வாக்குறுதி, சார். ரெண்டு கட்சியும் கொடுத்திருக்கு. பலனில்லை.”

“எத்தனை வருஷமா தண்ணி இல்லை?”

மாதவி திரும்பிப் பார்த்தாள். பின்னால் துண்டுப் பிரசுரக் கட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சிவராம் உதட்டைப் பிதுக்கினான்.

“அதைக் கேக்கலை, சார்.”

“கேக்கலை!” டாக்டர் படியிலேயே நின்றுவிட்டார். “எப்போ ஆரம்பிச்சதுன்னு கேக்காம நீ என்ன சர்ஜன்?”

முப்பது வருடம் அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர் திருவேங்கடம். வேலையை ராஜினாமா செய்துவிட்டு, தெற்குக் கொல்கத்தாவில் சட்டசபைத் தேர்தலுக்குச் சுயேச்சையாக நின்றிருந்தார். சின்னமாகக் கத்தரிக்கோல் கேட்டார். கிடைத்தது தையல் மெஷின். “அறுத்தவன் தைக்கத்தானே வேணும்” என்று அதையும் ஏற்றுக்கொண்டார்.

ஓட்டுக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் படுக்கை படுக்கையாகப் போவதுபோல வாசல் வாசலாகப் போவார். அறுவை சிகிச்சை மேற்படிப்பு படிக்கும் எம்.எஸ். மாணவர்கள் பின்னால் வருவார்கள். ஒவ்வொரு வீட்டையும் ஒருவர் கேஸாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

சம்பளம் இல்லை, பிரியாணி இல்லை. ஆனாலும் ஒரு கூட்டம் மாணவர்கள் விடியற்காலையிலிருந்து உழைத்தார்கள். வங்காளிப் பையன்கள் காளிகாட் சந்துகளில் சுவரொட்டி ஒட்டினார்கள். தமிழ் வீடுகளுக்கு மாதவியும் சிவராமும் கூட வந்தார்கள்.

கதவைத் திறந்தது சௌந்தரம் மாமி.

“வாங்கோ டாக்டர். முதல்ல இந்த முழங்காலைப் பாருங்கோ.”

பார்த்தார். அமுக்கினார். மாமி கத்தினாள்.

“குறைக்க வேண்டியது எடை. ஓட்டுக்கு அமுக்க வேண்டியது தையல் மெஷின்” என்றார்.

“அது கிடக்கட்டும். நீங்க ஜெயிச்சா மூணாவது மாடிக்குத் தண்ணி வருமோ?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசும் குரல் வந்தது.

“உள்ளதைச் சொல்லிடறேன். வர்றதுக்கு நூத்துக்கு நாப்பது வாய்ப்பு இருக்கு. ரோட்டைத் தோண்டுவாங்க, அதுல ரெண்டு பேர் விழலாம். சமயத்துல தோண்டினதுக்கு அப்புறம் முன்னைவிட மோசமாகவும் ஆகலாம்.”

மாமியின் முகம் சுருங்கியது.

“வந்துடும் மாமி!” என்று நடுவில் பாய்ந்தாள் மாதவி. “கொட்டோ கொட்டுன்னு கொட்டும்! சார் தன்னடக்கமா பேசறார்!”

“மாடித் தோட்டமே போடலாம் மாமி” என்றான் சிவராம்.

மாமி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். “எங்காத்து மாப்பிள்ளைகூட மாமனாருக்காக இப்படி ஓட மாட்டான். இதுகளுக்காகவாவது நாலு ஓட்டும் உங்களுக்குத்தான் டாக்டர்.”

தெருவுக்கு வந்ததும் டாக்டர் பிடித்துக்கொண்டார். “நோயாளிகிட்ட பொய் சொல்லலாமா? இதையா சொல்லிக் கொடுத்தேன்?”

“ஜெயிக்கணுமே சார்.” மாதவியின் கண் கலங்கியிருந்தது.

டாக்டர் திகைத்துப்போனார். மாணவிகள் அழுது அவர் பார்த்திருக்கிறார். அவருக்காக ஒருத்தி அழுவது இதுதான் முதல் தடவை.

“அசடே, தோத்தா என்ன இப்போ? டீன் என் நாற்காலியைக் காலியாத்தான் வெச்சிருக்கார். மறுநாளே கிளாஸுக்கு வந்துடுவேன்.”

சிவராம் கையிலிருந்த கட்டு தொப்பென்று கீழே விழுந்தது.

“தோக்க மாட்டீங்க, சார்!” என்றான். “நீங்க சட்டசபைல இருக்க வேண்டிய ஆள் சார். தினமும் இருக்கணும் சார். அஞ்சு வருஷமும் இருக்கணும்!”

அன்று மத்தியான வெயிலில் கரியாஹாட் நடைபாதைக் கடைகள் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினார்கள். டாக்டரைப் பேச விடவில்லை. கும்பிட மட்டும் அனுமதித்தார்கள்.

வாக்கு எண்ணிக்கை கடைசிச் சுற்றுவரை இழுத்தது. ஒரு சுற்றில் டாக்டர் பின்தங்கியபோது சிவராம் தரையில் உட்கார்ந்துவிட்டான். மாதவி வேண்டாத தெய்வம் இல்லை, மசூதி, சர்ச் உட்பட. இறுதியில் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தையல் மெஷின் ஜெயித்தது.

வெற்றிக்கு வங்காளிகள் தூவும் மஞ்சள் அபீர் பொடி பறந்தது. மாணவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். டாக்டரைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் ஒரு வேனின் மேல் நிறுத்தினார்கள். கையில் யாரோ மைக்கைக் கொடுத்தார்கள்.

“எனக்குப் பேச வரலை” என்றார் டாக்டர். “நான் கண்டிப்பானவன். என் பசங்களுக்கு என்மேல இவ்வளவு பிரியம் இருக்கும்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சு.”

“ஜெய்!” என்றது கூட்டம்.

“சட்டசபை கூடறது வருஷத்துல கொஞ்ச நாள்தானாம். மத்த நாள்ல நான் என்ன பண்ணப்போறேன்? இப்போதான் டீன்கிட்ட போன்ல பேசினேன். சம்பளமே வேண்டாம்னுட்டேன். அடுத்த மாச எம்.எஸ். பரீட்சைக்கு எக்ஸாமினர் நான்தான். உங்களை விட்டுட்டுப் போயிடுவேனா?”

தெருவே கைதட்டியது. போன பரீட்சையில் டாக்டர் திருவேங்கடம் ஃபெயிலாக்கிய மாணவர்கள் மட்டும், மாதவியும் சிவராமும் உட்பட, முகம் நிறைய மஞ்சள் பொடியோடு அப்படியே நின்றார்கள்.