ஊத வந்தவர்கள்

நுரையீரல் ஆராய்ச்சிப் பிரிவில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் வாசலிலேயே திகைத்து நின்றாள். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

"அபூர்வமான நோய்னாங்க. இவ்வளவு பேரா?"

டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள். "எங்க அபார்ட்மெண்ட்டே வந்திருக்கு சிஸ்டர். மாடி வீட்டு அண்ணே, அடுத்து நீங்க. குழாயை வாயில வச்சு ஒரே மூச்சா ஊதணும்."

அவர் உள்ளே போய் ஊதிய சத்தம் வெளியே கேட்டது.

"தண்ணி மோட்டாருக்காக என்கிட்ட சண்டை போட்டப்பவும் இதே வேகம்தான்!" என்றாள். கூட்டமே சிரித்தது.

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், ஒரே கட்டடத்துல எல்லாருக்குமா வந்திருக்கு?"

"ஐயோ, இவங்க எல்லாம் குண்டுக்கல்லாட்டம் இருக்காங்க! நல்ல நுரையீரலோட ஒப்பிட்டுப் பாத்தாத்தான் இந்த நோயைப் பத்தித் தெரியுமாம். ஆள் கிடைக்கலைன்னு டாக்டர் வருத்தப்பட்டாரு. ஒரு வார்த்தைதான் சொன்னேன், லீவு போட்டுட்டு வந்துட்டாங்க. முதல்ல பேர் கொடுத்ததே அந்தச் சண்டைக்காரர்தான்."

"அப்போ நோயாளி யாரு?"

பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சட்டென்று எழுந்தார்கள்.

வெளியே வந்த மாடி வீட்டுக்காரர் ஒரு நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டார்.

"உட்காரும்மா. நீ நிதானமா மூச்சு விடு. ஊதுறதை நாங்க பாத்துக்கிறோம்."