வெள்ளிக்கிழமைகளில் நல்ல சுகம்

நாகர்கோவிலில் ஒரு ஹோட்டலின் அடுக்களைக்குள் தலையை நீட்டி, சாம்பாரில் போட்ட பெருங்காய டப்பாவைக் காட்டச் சொன்னான் ஆன்ட்ரூஸ்.

சமையல்காரர் கரண்டியும் கையுமாகத் திரும்பினார். “சாப்பிட வந்தியளா, சோதனை போட வந்தியளா?”

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. அவன் எதிர்பார்த்ததுதான். சாம்பார் வேண்டாம், ரசம் வேண்டாம், பரோட்டா போடுகிற கல் என்பதால் தோசையும் வேண்டாம். மேசையில் காத்திருந்த மனைவி ஷிபாவுக்குச் சோறும் தயிரும் அவித்த முட்டையும் வந்தன.

அவள் குடலுக்குக் கோதுமை ஆகாது, ஒரு துணுக்குகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. அவளும் கோதுமையைத் தொடுவதில்லை. ஆனாலும் ஆள் இளைத்துக்கொண்டே போனாள். எங்கேயோ ஒரு வழியாக உள்ளே போகிறது, அதைக் கண்டுபிடித்து அடைக்காவிட்டால் குடல் தேறாது என்று நெய்யூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

குவைத்தில் இருந்தவரை ஆன்ட்ரூஸுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்கு அங்கே வெள்ளிக்கிழமை லீவு. வாரம் தவறாமல் அன்றுதான் போன் பண்ணுவான். “நல்ல சுகம்” என்பாள்.

ஐந்து வார விடுப்பில் வந்த பிறகுதான் அவளுடைய திங்கட்கிழமையை நேரில் பார்த்தான். ஞாயிறு பொழுது சாயும்போதே வயிறு ஊத ஆரம்பிக்கும். திங்கள் முழுக்கச் சுருண்டு கிடப்பாள். வியாழனுக்குள் கொஞ்சம் தேறி, வெள்ளியன்று எழுந்து நடமாடுவாள். அவள் போனில் சொன்னது பொய்யும் இல்லை.

இப்படியே மூன்று ஞாயிறு பார்த்தாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னதான் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

முதலில் இறைச்சிக்குப் போடும் கடைமசாலா மேல் சந்தேகப்பட்டான். அப்புறம் புட்டுமாவு அரைக்கிற மில் மேல். கடைசியில் அம்மாவின் சமையல்மேலேயே சந்தேகம் போனது. அம்மா வேளாங்கண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏலே, எனக்க அடுக்களையில வெஷமா இருக்கு?”

அதனால்தான் இந்தப் பயணம். ஒரு ஞாயிறு அந்த அடுக்களையை விட்டு விலகியிருந்தால் உண்மை தெரிந்துவிடும். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் லாட்ஜில் ரூம் போட்டான். ஊர் சும்மா இருக்குமா? கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஹனிமூனா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தது. ஷிபா அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. எங்கே போகலாம் என்று அவன் கேட்டதற்கு, நம்ம ஊர் ஆட்கள் வராத இடமாக இருந்தால் போதும் என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை வட்டக்கோட்டைக்குப் போனார்கள். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன், பஸ் ஏறிப் போய் கோட்டை மேல் நின்று கடலைப் பார்த்தான். ஷிபா வருகிற போகிற முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், வெளியே வந்து எத்தனை நாளாயிற்று, வேடிக்கை பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான். ராத்திரிக்கு ஒரு பெட்டிக்கடையில் அவித்த மரச்சீனிக்கிழங்கும் பழமும் கிடைத்தன.

ஞாயிறு காலை லாட்ஜுக்குப் பின்னால் இருந்த மாதா கோவிலுக்குப் பூசை காணப் போனார்கள். ஊர்க்கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இங்கே குடும்பம் குடும்பமாகப் பெஞ்சில் இருந்தார்கள். ஷிபா உட்காரும் முன் ஒவ்வொரு பெஞ்சாகத் திரும்பிப் பார்த்தாள்.

நற்கருணை நேரம் வந்தது. ஜனங்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். சாமியார் ஒவ்வொருவர் நாவிலும் அந்த மெல்லிய வெள்ளை அப்பத்தை வைத்தார். ஆன்ட்ரூஸ் எழுந்து, அவளுக்கு வழிவிட்டு நின்றான்.

அவள் அசையவில்லை.

“நீங்க வாங்கிட்டு வாங்க. இங்க என்னைய ஆருக்கும் தெரியாதுல்லா?”

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அப்பம் கோதுமை மாவும் தண்ணீரும். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் அவனே ஒப்பித்த பாடம். மூன்று ஞாயிறும் பெண்கள் வரிசையில் அவள் வாய் திறந்து அதை வாங்கியதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். பெருங்காய டப்பா வரைக்கும் மோப்பம் பிடித்தவனுக்கு இது தெரியாமல் போயிற்று.

“நம்ம சாமியார்ட்ட சொல்லியிருக்கலாமேட்டி.”

“சொன்னா, எழும்பாண்டாம்ணு சொல்லுவாரு. ஊருக்கு ஆரு சொல்லுவா?”

பெரிய பாவம் செய்தவர்கள் நற்கருணை வாங்கக் கூடாது என்பது திருச்சபை விதி. மாப்பிள்ளை குவைத்தில் இருக்க, நற்கருணைக்கு எழும்பாமல் பெஞ்சில் இருக்கிற பெண்ணைப் பற்றி ஊர் எந்தப் பாவத்தைப் பேசும் என்பது அவனுக்குத் தெரியும். போன விடுப்பில் வேறொருத்தியைப் பற்றி அப்படிப் பேசியபோது, கூடச் சேர்ந்து சிரித்தவன்தான் அவன்.

வெட்கமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டான்.

பெஞ்சின் சுவரோரத்தில் இருந்த பெண்மணி நற்கருணை வரிசைக்குப் போக, காலை ஒடுக்கி வழிவிட்டான். அவள் ஷிபாவைப் பார்த்தாள், தாலியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். ஆன்ட்ரூஸுக்குக் காது சூடேறியது. முன்பின் தெரியாதவள் பார்த்ததற்கே இப்படி.

விடுப்பில் இன்னும் ஒரே ஒரு ஞாயிறு மிச்சமிருந்தது. அன்று ஊர்க்கோவிலில் பெண்கள் பக்கம் போய், இதே மாதிரி அவளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தான்.

ஊர் பேசும். பேசட்டும். அவன் இங்கே இருக்கும்போதே பேசட்டும்.