சுரங்கத்துக்குள் ஷார்ட்

"சுரங்கத்துக்குள்ள போனா மட்டும் ரயில் நின்னுடுதுப்பா. கன்ட்ரோலர்ல ஷார்ட்னு காட்டுது. இன்ஜினுக்குள்ள இருக்கற டிகோடர் சிப்பைக்கூட மாத்திப் பாத்துட்டேன்," என்றார் வீட்டுக்காரர்.

மேசை மேலிருந்த மாடல் ரயிலின் அட்டைச் சுரங்கத்தை மெக்கானிக் தூக்கப் போனான். வீட்டுக்காரர் சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

காபியோடு வந்த மனைவி, "இனிக்காது தம்பி. இந்த வீட்டுல சர்க்கரையே வாங்கறதில்ல," என்று கணவரை முறைத்துவிட்டுப் போனாள்.

"இப்பத் தூக்கு," என்று கிசுகிசுத்தார்.

உள்ளே தண்டவாளத்தோரம் சாக்லேட் குவியல். ஒன்றின் ஜிகினாத் தாள், ரயில் சக்கரம் ஏறி அழுத்தினால் இரண்டு தண்டவாளங்களையும் தொடும்படி கிடந்தது.

"இதாலதான் ஷார்ட். சுகரை வெச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா சார்?"

"சுகர் அவளுக்கு. ஒளிச்சு வைக்கறதும் அவதான். தண்டவாளத்துல தூசின்னு சொல்லிடு."

"ஏன் சார்?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இடத்தை மாத்திடுவா. அப்புறம் சர்க்கரையில்லாத சாக்லேட்டை நான் எங்கே போய் மாத்தி வைக்கறது?"